தேடலில் வராத தம்பி

1

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும் எனக்காகக் காத்திருப்பது ஓர் இயந்திரம் அனுப்பிய மின்னஞ்சல். நான் சேமித்து வைத்திருக்கும் தேடலுக்கு இந்த வாரம் புதிய முடிவு எதுவும் இல்லை என்று அதில் இருக்கும். பல மாதங்களாக ஒரே வாசகம். மனிதர் யாராவது வாராவாரம் இப்படி இல்லை, இல்லை என்று சொல்லியிருந்தால் எப்போதோ சண்டைக்குப் போயிருப்பேன். இயந்திரத்தோடு என்ன சண்டை? அழித்துவிட்டு டீ போட்டுக்கொள்ளப் போவேன்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில், டனீடின் என்ற ஊரில். மழையும் மேடும் மட்டும்தான் இங்கே தாராளம். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், மருத்துவப் பிரிவில் வேலை. கும்மிடிப்பூண்டியில் என் உறவுக்காரர்கள் நான் நாள் முழுக்கப் புத்தகம் எடுத்துக் கொடுத்து, திருப்பி வாங்கி அடுக்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

சென்ற வாரம் ஸ்டெல்லா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஸ்டெல்லா என் தம்பி தேவாவின் மனைவி. தேவா போய் ஒரு வருடம் ஆகிறது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்காகப் புதுவாயல் கூட்டு ரோட்டில் கட்டப்போகிற ஃப்ளெக்ஸ் பேனர் அது. மேகங்கள், இரண்டு புறா, கை விரித்து நிற்கும் இயேசு, நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட தேவா. கீழே அவனுடைய நண்பர்களின் படங்கள் வரிசையாக. ஒவ்வொருவரும் அவனைவிடப் பெரிதாக இருந்தார்கள்.

என் மகள் ஹன்னா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "இதில் இறந்துபோனது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு மாமா என்றால் கைபேசித் திரை அளவு மனிதர்தான். 'மாமா' கூட இல்லை, 'அங்கிள் தேவா'.

2

தேவா ஒருமுறை கேட்டான்: "இன்னா வேலதான் க்கா செய்ற நீ?"

"தேடுற வேலைடா."

"தேட்றதுக்குச் சம்பளமா? அப்டி இன்னாத்தத் தொலச்சாங்க?"

அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். பொதுச் சுகாதார ஆராய்ச்சி செய்பவர்கள் ஒரு கேள்வியோடு என்னிடம் வருவார்கள். இந்தத் தூசியில் வேலை செய்பவர்களுக்கு இந்த நோய் வருகிறதா என்பதுபோல. அதைப் பற்றி உலகத்தில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்களோ அத்தனையையும் ஒன்று விடாமல் எடுத்துத் தரவேண்டும். ஒன்று விட்டாலும் முடிவு மாறிப்போகலாம். கட்டுரைகள் கடல்போலக் கிடக்கும் தரவுத்தளங்கள் இருக்கின்றன. பெட்டிக்குள் ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டு முதல் பக்கத்தைப் படிப்பதற்குப் பெயர் தேடல் இல்லை.

கேள்வியை முதலில் துண்டு போடவேண்டும். யார்? எதற்கு ஆளானார்கள்? என்ன ஆனது? ஒவ்வொரு துண்டுக்கும் என்னென்ன பெயர் உண்டோ அத்தனையையும் எழுதி, நடுவில் 'அல்லது' போடவேண்டும். ஒருவர் பவுண்டரி என்று எழுதியிருப்பார், இன்னொருவர் வார்ப்பட ஆலை என்பார், மூன்றாமவர் உலோகத் தொழிலாளர் என்று மொத்தமாக முடித்திருப்பார். அதோடு, தரவுத்தளக்காரர்களே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒட்டி வைத்திருக்கும் பொருள் தலைப்புகளையும் சேர்க்கவேண்டும். பிறகு துண்டுகளுக்கு நடுவே 'மற்றும்'. 'அல்லது' போட்டால் வலை விரியும், 'மற்றும்' போட்டால் சுருங்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: 'நீங்கலாக'. அதை மட்டும் லேசில் தொடாதீர்கள் என்று மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். எனக்குத் தூசியால் வரும் நுரையீரல் நோய்தான் வேண்டும், காசநோய் வேண்டாம் என்று 'காசநோய் நீங்கலாக' என்று போட்டால், இரண்டையும் சேர்த்துப் பேசுகிற நல்ல கட்டுரையும் போய்விடும். போனது நமக்குத் தெரியவே தெரியாது. திரையில் வந்ததைத்தான் பார்க்க முடியும், வராததை எப்படிப் பார்ப்பது?

தேவா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேஜாரு புட்ச்ச வேலையா கீதே க்கா" என்றான். அனுதாபத்தோடுதான் சொன்னான்.

3

அவனுடைய வேலையை அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

எங்கள் நைனா காலம்வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு எங்கள் காலனியில் பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். தேவாவும் ஏறினான். ஒரு பவுண்டரியில் காண்ட்ராக்ட் ஆள். மணலை அச்சாக்கி இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்து, மணலை உதறி, பொருளை எடுத்து, கிரைண்டரால் தேய்க்கவேண்டும். உதறுவதும் தேய்ப்பதும் தேவாவின் வேலை. மூக்கில் ஈரத் துண்டு கட்டிக்கொள்வான். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். அதையும் செல்ஃபி எடுத்து அனுப்புவான்: "எப்டி கீறேன், கெயவன் மாரி?"

ஷிப்ட் முடிகிற நேரத்தில் மேஸ்திரி ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார். வெல்லம் தின்றால் நெஞ்சில் இறங்கின தூசியெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று அங்கே எல்லாருக்கும் நம்பிக்கை. கொடுக்கிறவருக்கும் நம்பிக்கை, தின்கிறவருக்கும் நம்பிக்கை. தேவா பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தாளில் மடித்து மகள்களுக்கு எடுத்துப் போவான். வெல்லத்தைப் பற்றியும் நான் பிறகு தேடினேன். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த கட்டுரை கிடைத்தது. மனிதர்களைப் பற்றி நம்பும்படியாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டால், "பனி க்கா, ஒண்ணுமில்ல" என்பான். சித்திரை வெயிலிலும் பனிதான் அவனுக்கு.

ஒருநாள் வேலை நாளில் வீடியோ கால் வந்தது. எடுத்தால் பின்னால் தண்ணீரும் படகுகளும். மகள்கள் இரண்டு பேரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்திருந்தான்.

"இன்னாடா, வேலைக்குப் போவலியா?"

"இன்னிக்கி கேம்ப்பு க்கா. டாக்டருங்க வந்து எல்லாருக்கும் நெஞ்சு படம் எடுக்கறாங்க. எனக்கு மட்டும் லீவு உட்டுட்டாரு மேஸ்திரி. சம்பளத்தோட!"

முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, மகள்கள் அவன்மேல் தண்ணீரை வாரி இறைத்தார்கள். நானும் இங்கே குளிரில் உட்கார்ந்து அவர்களோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

4

அரசு மருத்துவமனையில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் தேறினான், மறுபடி படுத்தான். கடைசி நாட்களில் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தேதான் தூங்கினான் என்று ஸ்டெல்லா சொன்னாள். அடக்கத்தைக் கைபேசியில் பார்த்தேன். யாரோ போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டத்தின் தலைகள்தான். தம்பியின் முகம் தெரியவே இல்லை.

அலுவலகத்தில் என் மேலதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன் என்றார். ஆங்கிலத்தில் யார் எதற்கு வருத்தம் தெரிவித்தாலும் 'பரவாயில்லை' என்று சொல்லிப் பழகிய வாய். "பரவாயில்லை" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்கு அவர் அழுதுவிட்டார்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். ஜெபம் முடிந்து, பந்தலில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவாவோடு ஒரே ஷிப்டில் இருந்த ஏழுமலை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். எனக்கும் அந்தப் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லாவுக்கும் ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் பேச ஆரம்பித்தான்.

"கொட்த்து வெச்சவன் க்கா தேவா. கேம்ப்பு வந்தா எங்களுக்குலாம் லைன்ல நிக்கணும், ஊத சொல்வாங்க, படம் எடுப்பாங்க, பாதி நாள் பூடும். அவன் ஜாலியா ஊட்டுக்குப் போய்டுவான்."

"அவனுக்கு மட்டும் ஏன் லீவு?" என்று கேட்டேன்.

"அவனுக்கு மட்டுமில்ல க்கா. இருமினு கீற ஆளுங்க எல்லாருக்கும் உட்ருவாரு மேஸ்திரி. டாக்டருங்க முன்னாடி இருமினா கம்பெனிக்குப் பேரு கெட்டுப்பூடும்ல?" சொல்லிக்கொண்டே வந்தவன், ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டான்.

டீ தம்ளர்களை வாங்கிப் போக வந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு வாங்காமலே போய்விட்டாள். பழவேற்காட்டுத் தண்ணீரில் அவன் நின்று சிரித்தது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த எக்ஸ்ரே முன்னால் ஒரு நிமிடம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். பாவி, லீவு விட்டார்கள் என்று குழந்தை மாதிரி குதித்தானே.

5

நான் திரும்பி வந்த கொஞ்ச நாளில் ஸ்டெல்லா அதே ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். மணல் சலித்து, கூட்டி அள்ளுகிற வேலை. கேட்டதும் போன் போட்டுக் கத்தினேன்.

"வேற கம்பெனியில ஐடிஐ படிச்சிருக்கியான்றாங்க, வயசு இன்னான்றாங்க. இங்க கூப்ட்டாங்க, போறேன். பசங்க ஸ்கூல் உட்டு வர்றதுக்குள்ள ஊட்டுக்கு வந்துர்றேன் அண்ணி."

"அந்த மணல்தான் ஸ்டெல்லா அவனக் கொன்னுச்சு."

"டாக்டரு டி.பி.ன்னாரு. மேஸ்திரி குடிச்சதாலன்றாரு. நீ மணல்ன்ற. நா யாரத்தான் நம்புறது? அங்க எத்தினி பேரு வேல செய்றாங்க, எல்லாருமா செத்துட்டாங்க?"

டாக்டர் சொன்னதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, தூசி அடைத்த நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும் என்று விளக்கினேன். நடுவில் நான்கு ஆங்கில வார்த்தை வந்து விழுந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"நீதான் தேடுற வேல செய்றியே அண்ணி. நம்ம கும்முடிப்பூண்டி ஷெட்டுல மணல் வேல செஞ்சா இப்டி ஆவுதுன்னு யாராச்சும் படிச்சவங்க எழுதியிருந்தா எட்த்துக் காட்டு. அன்னிக்கே நின்னுட்றேன். ஏசப்பா சத்தியமா."

எனக்கு அழுகைக்கு நடுவிலும் சந்தோஷம் வந்தது. இதுதானே என் தொழில் என்று நினைத்தேன். அடுத்த நாளே உட்கார்ந்தேன். மணல், தூசி, வார்ப்படம், கிரைண்டிங், நுரையீரல் என்று ஒவ்வொன்றுக்கும் இருக்கிற பெயர்களையெல்லாம் போட்டேன். உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவிந்தது. மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது எப்போதோ தெரிந்து முடிந்துபோன விஷயம். அதில் நல்லதாக ஒன்றை எடுத்து, தமிழில் எளிமையாக எழுதி அனுப்பினேன்.

"இது எந்த ஊரு அண்ணி?"

சொன்னேன்.

"அது அந்த ஊரு மண்ணு. அவங்க ஒடம்பு வேற, சாப்பாடு வேற. நம்ம ஊருது காட்டு."

'மற்றும்' போட்டு எங்கள் வட்டாரத்தைச் சேர்த்தேன். பூஜ்யம். பூஜ்யம் வந்தால் முதலில் உங்களைச் சந்தேகப்படுங்கள் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்வேன். சந்தேகப்பட்டேன். ஊரை எடுத்துவிட்டு மாவட்டம் போட்டேன். பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் போட்டேன். வேறு தரவுத்தளங்களுக்குப் போனேன். அச்சுக்கு வராத ஆய்வேடுகள், கருத்தரங்கச் சுருக்கங்கள், அறிக்கைகள் எல்லாவற்றையும் துழாவினேன். அந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றி இருந்தது. நிலத்தடி நீரைப் பற்றி இருந்தது. பழவேற்காட்டு ஏரி மீனின் உடம்பில் என்னென்ன உலோகம் என்று அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். காண்ட்ராக்டில் மணல் உதறுகிற மனிதனின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் என் கண்ணில் எதுவும் படவில்லை. மீனுக்கு இருக்கிற கொடுப்பினைகூட என் தம்பிக்கு இல்லை.

கேம்ப் நடத்தினார்களே, அந்த முடிவுகளாவது எங்கேயாவது இருக்கும் என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. உரிய பிரிவு, தகவல் அறியும் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கச் சொன்னது. விண்ணப்பித்தேன். இந்தியக் குடிமக்கள் மட்டுமே கேட்கலாம், நீங்கள் குடிமகள் அல்ல என்று திருப்பிவிட்டார்கள். நியூசிலாந்துக் குடியுரிமை வாங்கியபோது இந்தியா கொடுத்த ஓ.சி.ஐ. அட்டையின் பெயரிலேயே குடியுரிமை என்று இருக்கிறது. அது விமான நிலையத்தில் வரிசை தாண்டுவதற்கு மட்டும் போலிருக்கிறது. ஸ்டெல்லா பெயரில் போடலாம் என்றால், "மேஸ்திரி காதுக்குப் போச்சுன்னா?" என்று பயந்துவிட்டாள்.

அப்படியே அந்த அறிக்கை கிடைத்தாலும் என்ன இருக்கும் என்று பிறகு யோசித்தேன். வரிசையில் நின்றவர்களின் நெஞ்சுதான் இருக்கும். 'இருமுகிறவர்கள் நீங்கலாக' என்று மேஸ்திரி கேட்டிலேயே போட்டுவிட்டாரே. எந்த வார்த்தையை நான் தொடாதீர்கள் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனோ, அதை அவர் ஒரு கட்டி வெல்லத்தோடும் ஒருநாள் சம்பளத்தோடும் முடித்துவிடுகிறார். இல்லாதவனை எந்தத் தரவுத்தளத்தில் தேட?

தோற்றுப்போனேன் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தத் தேடலை அப்படியே சேமித்து, எதிர்காலத்தில் யாராவது எழுதினால் எனக்குச் சொல் என்று இயந்திரத்திடம் சொல்லி வைத்தேன். திங்கட்கிழமை மின்னஞ்சல் அப்படி வருவதுதான். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து போன் செய்தால் ஸ்டெல்லா கேட்பாள், "வந்துச்சா அண்ணி?" "இன்னும் இல்ல ஸ்டெல்லா." "சரி வுடு, வரும்." எனக்கு அவள் ஆறுதல் சொல்வாள். மறுநாள் காலை அவள் பஸ் ஏறிவிடுவாள்.

6

முதலாம் ஆண்டு ஜெபம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வீடியோவில் நாங்களும் உட்கார்ந்தோம். அத்தையிடம் பேசு என்று ஹன்னாவிடம் போனைக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழில் சரியாக வரும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "சாப்ட்டீங்களா?" புருஷனின் நினைவு நாளில் ஜெபம் தொடங்கும் முன் ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா? ஸ்டெல்லா கொஞ்சமும் முகம் மாறாமல், "சாப்ட்டேன் கண்ணு, நீ சாப்ட்டியா?" என்றாள். ஹன்னா போனை என்னிடம் தள்ளிவிட்டாள்.

பாட்டு ஆரம்பித்தார்கள். தேவாவுக்குப் பிடித்த பாட்டு. இரண்டாம் சரணத்தில் ஸ்டெல்லாவின் குரல் நின்றுபோனது. பக்கத்திலிருந்த பெரிய மகள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஸ்டெல்லா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அழுகையை அடக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் இங்கே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கமான மின்னஞ்சல், வழக்கமான இல்லை. பிற்பகலில் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்துவிட்டு இடத்துக்கு வந்தால் கைபேசி அதிர்ந்தது. ஸ்டெல்லா. ஊரில் அப்போதுதான் காலை ஷிப்ட் தொடங்கியிருக்கும். வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனிச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டபடியே இருந்தாள்.

"இன்னா ஸ்டெல்லா, வேலைக்குப் போவலியா?"

"போனேன் அண்ணி. கேட்டாண்ட மேஸ்திரி நின்னுகினு இருந்தாரு. திருப்பி அனுப்ட்டாரு."

ஆண்டவரே, நான் தேடிக் கொடுக்க முடியாததை நீரே முடித்துவிட்டீரா என்று நினைத்தேன். "நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். மடியிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, கேமரா பக்கம் காட்டினாள். ஒரு கட்டி வெல்லம். பேச வாயெடுத்தவளுக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அது அடங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி கேம்ப்பு அண்ணி," என்றாள். "எனக்கும் லீவு உட்டுட்டாங்க."